மிசிசிப்பியின் தணிக்கை நாற்காலி

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளர்கள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மாநிலம் முழுமைக்குமான எட்டுப் பதவிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆளுநர், துணை ஆளுநர், மாநிலச் செயலர், அட்டர்னி ஜெனரல், தணிக்கையாளர், கருவூலர், வேளாண் ஆணையர், காப்பீட்டு ஆணையர். அங்கே ஆளுநர் என்றால் நம் ஊர் ஆளுநரைப் போன்றவர் அல்லர். நம் முதலமைச்சரைப் போல ஆட்சி நடத்துபவர். பட்டியலில் நடுவே இருக்கும் தணிக்கையாளர்தான் இந்தக் கட்டுரைக்குரியவர். அரசின் வரவு செலவைச் சரிபார்க்கும் வேலைக்கு ஒருவர் கட்சிச் சின்னத்தோடு நின்று, சுவரொட்டி ஒட்டி, நன்கொடை திரட்டி, ஓட்டுக் கேட்டு வருகிறார்.

1984 முதல் அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் ஆறு பேர். இருவர் பின்னர் ஆளுநர் ஆனார்கள். ஒருவர் ஆளுநர் பதவிக்கு முயன்று சொந்தக் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார். ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். ஒருவர் வேறு அரசுப் பதவிக்குப் போனார். ஆறாமவரான ஷேட் வைட், 2027 ஆளுநர் தேர்தல் மீதுள்ள ஆர்வத்தை மறைத்துக்கொள்ளவில்லை. ஆகவே இதை ஒரு பதவி என்பதைவிட ஒரு வழித்தடம் என்றே சொல்லலாம். வழித்தடமாக இருப்பது தணிக்கைக்குக் கேடு என்பதுதான் பலரும் எளிதில் வரும் முடிவு. மிசிசிப்பியின் நாற்பதாண்டுக் கதையைப் பார்த்தால் அந்த முடிவு பாதிதான் சரி என்று தோன்றுகிறது. அடுத்த பதவிக்கான ஆசைதான் அங்கே பூட்டியிருந்த பேரேடுகளைத் திறந்திருக்கிறது. எந்தப் பேரேட்டைத் திறப்பது, எந்தப் பக்கத்தோடு நிறுத்துவது என்பதிலும் அந்த ஆசைக்குப் பங்கு உண்டு.

இப்படி ஓர் ஏற்பாடு வந்ததற்கு 19ஆம் நூற்றாண்டின் அரசியல் காரணம். அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்து அமெரிக்காவில், ஆளுநர் கையில் நியமன அதிகாரத்தைக் குவிக்கக் கூடாது, எல்லாப் பதவிக்கும் மக்களே ஆள் போடட்டும் என்ற எண்ணம் வலுத்தது. எல்லா நீதிபதிகளையும் தேர்தல் மூலம் அமர்த்திய முதல் மாநிலம் மிசிசிப்பிதான். 1832 அரசியலமைப்பில் அதைச் செய்தது. இன்றும் நடப்பிலுள்ள 1890 அரசியலமைப்பு கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கவே எழுதப்பட்டது; தலைவரி, எழுத்தறிவுச் சோதனை எல்லாம் அதில் வந்தவை. மக்களில் பெரும் பகுதியினரை வெளியே தள்ளிவிட்டு, மீதிப் பேருக்கு நிறையப் பதவிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அது கொடுத்தது. தணிக்கையாளர் பதவி அந்த முரணுக்குள் வளர்ந்தது.

அந்த அரசியலமைப்பை எழுதியவர்களுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் முன்யோசனை இருந்தது. கருவூலரும் தணிக்கையாளரும் தொடர்ந்து இரண்டாம் முறை அதே பதவிக்கு வரக் கூடாது, ஒருவர் இடத்துக்கு மற்றவர் உடனே மாறவும் கூடாது என்று விதி வைத்தார்கள். பணத்தை வைத்திருப்பவரும் அதைச் சரிபார்ப்பவரும் நாற்காலியை மாற்றிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தடை 1960களில் நீங்கியது. தகுதி என்று பார்த்தால் 25 வயதும் ஐந்தாண்டு மாநிலக் குடியிருப்பும் போதும். கணக்கியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆறு பேரில் ரே மேபஸும் ஷேட் வைட்டும் சட்டம் படித்தவர்கள். ஃபில் பிரையன்ட் ஒரு காலத்தில் துணை ஷெரீப். கணக்கை உண்மையில் சரிபார்ப்பவர்கள் அலுவலகத்தில் சம்பளத்துக்கு வேலை செய்யும் பட்டயக் கணக்காளர்கள். தலைமையில் இருப்பவரிடம் உள்ள அதிகாரம் வேறு வகை. அவருடைய விசாரணை முகவர்கள் கைது செய்ய முடியும். பணம் போன இடம் தெரிந்தால், அசலும் வட்டியும் விசாரணைச் செலவும் சேர்த்துத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கோரிக்கைக் கடிதம் அனுப்ப முடியும். கட்டாதவர் மீது வழக்குப் போட வேண்டியவர் மட்டும் அட்டர்னி ஜெனரல். அவரும் தேர்தலில் வென்று வந்தவர். இந்தக் கடைசிக் கண்ணி பின்னால் முக்கியமாகும்.

ரே மேபஸ் 1948இல் பிறந்தவர். ஆக்கர்மன் என்ற சிற்றூரில், மரத்தோட்டம் வைத்திருந்த வசதியான குடும்பத்தில் ஒரே பிள்ளை. மிசிசிப்பிப் பல்கலைக்கழகம், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், கடற்படை, ஹார்வர்டு சட்டப் பள்ளி என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பி, ஆளுநர் வில்லியம் விண்டரிடம் சட்ட உதவியாளராகச் சேர்ந்தார். 1982இல் விண்டர் கொண்டுவந்த கல்விச் சீர்திருத்தச் சட்டத்துக்காக உழைத்த இளைஞர் குழுவில் அவரும் ஒருவர். அந்தக் குழுவினருக்கு மாநிலத்தைப் பற்றி ஒரு வெட்கம் இருந்தது. எந்தப் பட்டியலை எடுத்தாலும் மிசிசிப்பி கடைசியில் நிற்கிறதே என்ற வெட்கம். 1983இல் மேபஸ் தணிக்கையாளர் பதவிக்கு நின்று வென்றார்.

அவர் கைவைத்தது கவுண்டிகளின் சாலைக் கணக்கில். மிசிசிப்பியில் 82 கவுண்டிகள். ஒவ்வொன்றும் ஐந்து வட்டங்களாகப் பிரிந்திருக்கும். வட்டத்துக்கு ஒரு சூப்பர்வைசர், அவரும் தேர்தலில் வந்தவர். மாநிலம் முழுவதும் 410 பேர். சாலைக்கு வரும் பணத்தை ஐந்தாகப் பங்கிட்டுக்கொள்வார்கள். தன் வட்டத்துக்குள் ஆள் எடுப்பது, ரோடு கிரேடர் வாங்குவது, கிராவல் கொட்டுவது, கல்வெர்ட்டுக் குழாய் பதிப்பது எல்லாம் அந்த ஒருவர் முடிவு. இதற்கு ‘பீட்’ முறை என்று பெயர். ஒரே கவுண்டியில் ஐந்து சரக்குக் கொட்டகை, ஐந்து தொகுதி இயந்திரம், ஐந்து கொள்முதல். குழாய் விற்பவர் டெண்டருக்கு அலைய வேண்டியதில்லை. சூப்பர்வைசரைப் பார்த்தால் போதும். விலையில் பத்து சதவீதம் அவருக்கு என்பது எல்லாருக்கும் தெரிந்த நடைமுறை. இன்னும் துணிந்தவர்கள் சரக்கே வராமல் பில் மட்டும் போடச் சொல்லி, கவுண்டி கட்டும் தொகையை விற்பனையாளரோடு பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வார்கள்.

மக்களுக்கும் இதில் பங்கில்லாமல் இல்லை. வீட்டு வாசலுக்கு ஒரு லோடு கிராவல், தேவாலயத்துக்கு முன்னால் கொஞ்சம் மண் நிரவல், கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு வழி என்று சூப்பர்வைசரிடம் கேட்டுப் பெற்றுக்கொள்வது ஊர் வழக்கம். பொது இயந்திரம் தனியார் நிலத்தில் வேலை செய்வது சட்டப்படி குற்றம்தான். அதைக் குற்றமாகப் பார்த்த ஓட்டர்கள் குறைவு. மேபஸுக்கு முன் அந்த நாற்காலியில் நெடுங்காலம் இருந்த ஹாம்ப் கிங் காலத்திலும் கவுண்டிக் கணக்குகள் தணிக்கையாகிக்கொண்டுதான் இருந்தன. பில் இருந்தது, கையெழுத்து இருந்தது, தொகை பொருந்தியது. குழாய் மண்ணுக்குள் இருக்கிறதா என்று யாரும் தோண்டிப் பார்க்கவில்லை.

மேபஸ் ஆட்கள் தோண்டினார்கள். தனியார் வேலைக்குப் போன இயந்திரத்துக்கும் ஆளுக்கும் கணக்குப் போட்டு, திருப்பிக் கட்டச் சொல்லிச் சூப்பர்வைசர்களுக்குக் கடிதம் போனது. அதே சமயத்தில், 1984 அளவில், எஃப்.பி.ஐ. வேறொரு வேலையைத் தொடங்கியிருந்தது. குழாய் வியாபாரத்தில் பங்கு வைத்திருந்த ஒரு பெந்தகோஸ்தே போதகர், லஞ்சம் கொடுத்துத் தொழில் செய்ய மனம் ஒப்பாமல் அவர்களிடம் போயிருந்தார். அவர் உதவியோடு எஃப்.பி.ஐ. ஒரு போலிக் குழாய் கம்பெனியை நடத்தியது. முகவர்கள் விற்பனைப் பிரதிநிதிகளாகக் கவுண்டி கவுண்டியாகச் சுற்றினார்கள். பேரம் எல்லாம் பதிவானது. ‘ஆப்பரேஷன் ப்ரிடென்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். 1987 தொடக்கத்தில் குற்றச்சாட்டுகள் வெளிவர ஆரம்பித்தன. கடைசியில் 26 கவுண்டிகளைச் சேர்ந்த 57 சூப்பர்வைசர்கள் சிக்கினார்கள். ஏழில் ஒருவர் என்று சொல்லலாம்.

தணிக்கை அலுவலகம் அந்த விசாரணையோடு ஒத்துழைத்தது. வலை விரித்தது எஃப்.பி.ஐ.தான், ஆனாலும் சூப்பர்வைசர்களை எதிர்த்து நின்ற முகமாக மாநிலத்துக்குத் தெரிந்தது மேபஸின் முகம். அந்த ஆண்டு நவம்பரில் ஆளுநர் தேர்தல். 39 வயதில், சுமார் 53 சதவீத வாக்குகளோடு, டுபெலோ நகர வணிகர் ஜாக் ரீடைத் தோற்கடித்து ஆளுநரானார். வெள்ளையர் வாக்கில் பெரும்பான்மை அவருக்குக் கிடைக்கவில்லை. கறுப்பின வாக்காளர்கள் ஏறத்தாழ மொத்தமாகவே அவருக்குப் போட்டார்கள். 1890 அரசியலமைப்பு யாருடைய ஓட்டைப் பறித்ததோ அவர்களின் ஓட்டில் அதன் ஆளுநர் வந்தார்.

நான்கே ஆண்டில் அவரை அலுவலகத்திலிருந்து மாளிகைக்குக் கொண்டுபோன அந்தச் சண்டை வெறும் விளம்பர உத்தி என்று அவருடைய எதிரிகள் சொன்னார்கள். அது சரியென்றே வைத்துக்கொள்வோம். 410 உள்ளூர்த் தலைவர்களைப் பகைத்துக்கொண்டு தணிக்கையாளராகவே காலம் தள்ள நினைக்கும் ஒருவருக்கு அதில் எந்த லாபமும் இல்லை. அடுத்த தேர்தலில் அவர்கள் ஆளுக்கு நூறு ஓட்டை மாற்றினாலே அவர் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும். மாநிலம் முழுவதும் பேர் வாங்க வேண்டும், நகரங்களிலும் கடற்கரைப் பகுதியிலும் உள்ள, பீட் முறையால் எந்தப் பயனும் காணாத ஓட்டரைச் சேர்க்க வேண்டும் என்று நினைப்பவருக்குத்தான் அந்தச் சண்டை கட்டுப்படியாகும். நாணயம் ஒருபுறம் இருக்கட்டும். மேபஸின் துணிச்சலுக்கு அவருடைய பேராசையும் முதலீடு போட்டது. ஆளுநரானதும் அவர் 1988இல் சாலைப் பணிகளைக் கவுண்டி அளவில் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவரும் சட்டத்துக்கு அழுத்தம் கொடுத்தார். சட்டமன்றம் அதைக் கவுண்டி மக்களின் வாக்கெடுப்புக்கு விட்டது. பாதிக்கும் மேற்பட்ட கவுண்டிகள் புதிய முறைக்கு மாறின. மற்றவை பழைய வழியிலேயே இருக்க முடிவு செய்தன, சூப்பர்வைசர்கள் சிறைக்குப் போய்வந்த சில இடங்கள் உட்பட.

1991இல் மேபஸ் தோற்றார். அவரை வென்ற கர்க் ஃபோர்டிஸ், உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலத்துக்குப் பின் மிசிசிப்பியின் முதல் குடியரசுக் கட்சி ஆளுநர். அந்தத் தேர்தலில் இன்னொரு வேடிக்கை உண்டு. மேபஸுக்குப் பின் தணிக்கையாளராக வந்த பீட் ஜான்சன், ஜனநாயகக் கட்சியில் வென்று பாதியில் குடியரசுக் கட்சிக்குத் தாவி, ஆளுநர் வேட்பாளராக முயன்றவர். தாத்தாவும் பெரியப்பா வகையில் ஒருவருமாக ஜான்சன் குடும்பத்தில் இரண்டு ஆளுநர்கள் உண்டு. உட்தேர்தலில் அவரை ஃபோர்டிஸ் வீழ்த்தாமல் இருந்திருந்தால், ஆளுநர் தேர்தலே முந்தைய தணிக்கையாளருக்கும் அப்போதைய தணிக்கையாளருக்குமான போட்டியாக இருந்திருக்கும். மேபஸ் பிற்பாடு சவூதி அரேபியாவில் தூதராகவும், ஒபாமா காலத்தில் எட்டு ஆண்டுகள் கடற்படைச் செயலராகவும் இருந்தார். அது வேறு கதை.

அடுத்து வந்த ஸ்டீவ் பேட்டர்சனைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கார் பதிவு வரியைக் குறைக்கப் பொய்யான உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தது வெளிவந்து 1996இல் பதவி விலகினார். கவுண்டிக்காரர்களிடம் கிராவல் லோடுக்குக் கணக்குக் கேட்ட அலுவலகத்தின் தலைவர் தன் காரின் நம்பர் தகட்டுக்கு ஒழுங்காக வரி கட்டவில்லை. பத்தாண்டு கழித்து, நீதிபதிக்கு லஞ்சம் கொடுக்க முயன்ற வழக்கறிஞர் டிக்கி ஸ்க்ரக்ஸின் வழக்கிலும் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

காலியான இடத்துக்கு ஆளுநர் ஃபோர்டிஸ் ஒருவரை நியமித்தார். ‘மக்கள் தேர்ந்தெடுக்கும் தணிக்கையாளர்’ என்ற ஏற்பாட்டில் உள்ள பின்வாசல் இது. பதவி இடையில் காலியானால் ஆளுநரே ஆள் போடலாம்; போட்டவர் அடுத்த தேர்தலில் பதவியிலிருப்பவராகவே நிற்பார், பெயர் தெரிந்திருக்கும், நன்கொடை வரும். ஃபோர்டிஸ் நியமித்தவர் ஃபில் பிரையன்ட், அப்போது சட்டமன்ற உறுப்பினர். அவர் 1999இலும் 2003இலும் தேர்தலில் வென்றார்.

பிரையன்ட் காலத்து அலுவலகம் செய்த வேலையில் உருப்படியானது ‘மாட்டிறைச்சி ஆலை’ விவகாரம். யாலபுஷா கவுண்டியில் மாநில அரசின் உத்தரவாதத்தில் கடன் வாங்கிக் கட்டப்பட்ட பதப்படுத்தும் ஆலை, 2004இல் திறந்த மூன்றே மாதத்தில் மூடியது. அரசுக்கு ஐந்து கோடி டாலருக்கு மேல் நட்டம். தணிக்கை முகவர்கள் அதில் உழைத்தார்கள். வழக்குகள் வந்தன, தண்டனையும் வந்தது. ஆனால் பிரையன்ட்டின் அரசியல் பயணத்துக்கு அதைவிட உதவியது 2006 பிப்ரவரியில் அலுவலகம் வெளியிட்ட இன்னோர் அறிக்கை என்பது என் கணிப்பு. சட்டவிரோதக் குடியேற்றத்தால் மாநிலத்துக்கு ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டாலர் நிகரச் செலவு என்று அது மதிப்பிட்டது. இதில் யார் பணத்தைக் கையாடினார்கள்? எந்தத் துறையின் கணக்குப் பொருந்தவில்லை? அப்படி ஒன்றுமில்லை. மக்கள்தொகையை உத்தேசித்து, தலைக்கு இவ்வளவு என்று பெருக்கி எடுத்த தொகை அது. தணிக்கையாளரின் முத்திரை பட்டதும் உத்தேசத்துக்கு ஒரு கணக்கின் எடை வந்துவிட்டது. மறு ஆண்டு பிரையன்ட் துணை ஆளுநர் தேர்தலில் வென்றார். குடியேற்றம் அவருக்குப் பிடித்த தேர்தல் பேச்சு. 2012இல் ஆளுநரானார்.

இந்திய வாசகருக்கு இந்த இடத்தில் நம் ஏற்பாடு நினைவுக்கு வரும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்; பதவிக்காலம் முடிந்தபின் மத்திய, மாநில அரசுகளின் கீழ் அவர் வேறு பதவி வகிக்க முடியாது என்கிறது அரசியலமைப்பின் 148ஆம் பிரிவு. ஆசைக்கு வாசலையே அடைத்துவிட்ட ஏற்பாடு. ஆனாலும் போஃபர்ஸ் அறிக்கை வெளிவந்த 1989இல் அந்தப் பதவியில் இருந்த டி.என். சதுர்வேதி, பின்னர் பாரதிய ஜனதா கட்சியின் மாநிலங்களவை உறுப்பினராகவும் கர்நாடக ஆளுநராகவும் ஆனார். நாடாளுமன்ற உறுப்பினர் பதவி அரசின் கீழ் வருவதல்ல. ஆளுநர் பதவியும் அப்படியே என்று 1979இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மிசிசிப்பியில் எதைக் குறிவைத்து அறிக்கை வருகிறது என்பது ஓட்டருக்கு முன்கூட்டியே தெரியும், அதற்குத் தள்ளுபடி கொடுத்து அவர் படிக்கலாம். நம் ஏற்பாட்டில் அது பின்னால்தான் தெரியும். தெரிந்தபின் பழைய அறிக்கைகளை மறுபடி சந்தேகத்தோடு புரட்ட வேண்டியிருக்கும். எது மேல் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

பிரையன்ட்டுக்குப் பின் பத்தாண்டு தணிக்கையாளராக இருந்த ஸ்டேசி பிக்கரிங், 2018இல் முன்னாள் படைவீரர் நலவாரியத்தின் பொறுப்புக்குப் போனார். மறுபடி பின்வாசல் திறந்தது. இம்முறை நியமித்தவர் ஆளுநர் பிரையன்ட். நியமனம் பெற்றவர் ஷேட் வைட்: ஜோன்ஸ் கவுண்டிக்காரர், ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு, பின் ஹார்வர்டு சட்டம், அப்போது வயது 32. பிரையன்ட் துணை ஆளுநராக இருந்தபோது அவரிடம் கொள்கைப் பிரிவில் வேலை செய்தவர். 2015இல் அவருடைய ஆளுநர் தேர்தல் பிரசாரத்தை நடத்தியவர். தன் ஆட்சியின் கணக்கைப் பார்க்கத் தன் பிரசார மேலாளரையே ஓர் ஆளுநர் அமர்த்தினார். சட்டத்தில் அதற்குத் தடையில்லை.

ஓராண்டுக்குள் அந்த உறவுக்குச் சோதனை வந்தது. வறிய குடும்பங்களுக்கான தற்காலிக உதவித் திட்டம் என்று ஒன்று அமெரிக்காவில் உண்டு. 1996இல் கிளின்டன் காலத்துச் சட்டம் உருவாக்கியது. மத்திய அரசு ஆண்டுதோறும் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடும். மிசிசிப்பிக்கு அது எட்டரைக் கோடி டாலர் அளவு. எப்படிச் செலவழிப்பது என்பதில் மாநிலத்துக்கு நிறையச் சுதந்திரம். ஏழைத் தாயின் கையில் ரொக்கமாகவும் கொடுக்கலாம், ‘குடும்பங்களை வலுப்படுத்தும்’ பயிற்சி என்று தொண்டு நிறுவனத்துக்கும் கொடுக்கலாம். மிசிசிப்பி இரண்டாவது வழியில் போனது. 2016இல் ரொக்க உதவிக்கு விண்ணப்பித்தவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும், மூன்று பேர் கொண்ட குடும்பத்துக்கு மாதம் அதிகபட்சம் 170 டாலர்.

மீதிப் பணம் போன வழிதான் பின்னால் நாடெங்கும் செய்தியானது. பிரையன்ட் நியமித்த மனித சேவைத் துறை இயக்குநர் ஜான் டேவிஸ், நான்சி நியூ என்பவர் நடத்திய தொண்டு நிறுவனம் உட்பட இரண்டு அமைப்புகளுக்குக் கோடிக்கணக்கில் கொடுத்தார். அங்கிருந்து அது கிளை பிரிந்தது. ஒரு முன்னாள் மல்யுத்த வீரர் கலிஃபோர்னியாவின் மாலிபு கடற்கரையிலுள்ள ஆடம்பரப் போதை மறுவாழ்வு விடுதியில் தங்க 1,60,000 டாலர். புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் பிரெட் ஃபார்வுக்கு 11 லட்சம் டாலர். ஆற்றாத உரைகளுக்கான கட்டணம் என்று தணிக்கை சொன்னது. அவர் மகள் வாலிபால் ஆடிய தென் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் வாலிபால் அரங்கம் கட்ட 50 லட்சம். நலநிதியைக் கட்டடத்துக்குச் செலவழிக்கக் கூடாது என்பது விதி. அதனால் பல்கலைக்கழக இடங்களைத் தொண்டு நிறுவனம் வாடகைக்கு எடுத்ததாக எழுதி, வாடகையை முன்பணமாகக் கொடுத்தார்கள். பேப்பரில் எல்லாம் பொருந்தும்படி செய்யத் தெரிந்தவர்கள்.

2019 ஜூனில் துறை ஊழியர் ஒருவர் சொன்ன தகவலை ஆளுநர் பிரையன்ட் தணிக்கையாளரிடம் கொடுத்தார். எட்டு மாத விசாரணை. 2020 பிப்ரவரி 5 அன்று டேவிஸ், நான்சி நியூ உட்பட ஆறு பேர் கைதானார்கள். மே மாதத் தணிக்கை 9.4 கோடி டாலர் செலவைக் கேள்விக்குள்ளாக்கியது. மறு ஆண்டு ஒரு தனியார் நிறுவனம் செய்த தடயவியல் தணிக்கை 7.7 கோடிக்கு மேல் முறைகேடு என்றது. டேவிஸும் நான்சி நியூவும் 2022இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஃபார்வ் 11 லட்சத்தையும் திருப்பிக் கட்டினார். அது நலநிதி என்று தெரியாது என்கிறார். அவர் மீது குற்ற வழக்கு இல்லை. வட்டியாக 2,28,000 டாலர் கேட்டு வைட் விடவில்லை. 2023இல் ஃபார்வ் அவர் மீது அவதூறு வழக்குப் போட்டார்.

தன்னை நியமித்தவரின் ஆளையே கைது செய்தார் என்பது வைட்டின் பெருமை. அதை மறுக்க முடியாது. ‘என் ஆள்’ என்று நினைத்து அமர்த்தப்பட்டவர் அதை வேறு விதமாக முடித்துவைத்திருக்கலாம். கோப்பைக் கிடப்பில் போட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அதே சமயம் தேதிகளையும் பார்க்க வேண்டும். பிரையன்ட் பதவியிலிருந்து இறங்கியது 2020 ஜனவரி 14. கைதுகள் மூன்று வாரம் கழித்து. விசாரணை அதற்கான நேரத்தைத்தான் எடுத்திருக்கலாம். நான் அதற்கு மேல் எதையும் குற்றஞ்சாட்டவில்லை. கூட்டாட்சி அரசு வழக்கறிஞர் மைக் ஹர்ஸ்ட் மட்டும், மத்திய நிதி சம்பந்தப்பட்ட விவகாரம் தங்களுக்கே ஊடகம் மூலம்தான் தெரிந்தது என்று வெளிப்படையாகக் குறைபட்டுக்கொண்டார். பிரையன்ட்டை முறைகேட்டை வெளிப்படுத்தியவர் என்று வைட் பாராட்டினார்.

அந்தப் பாராட்டு நீடிக்கவில்லை. 2022இல் ‘மிசிசிப்பி டுடே’ இதழின் செய்தியாளர் அன்னா வுல்ஃப், ஆளுநரும் ஃபார்வும் மற்றவர்களும் பரிமாறிக்கொண்ட குறுஞ்செய்திகளைக் கொண்டு ஒரு தொடர் எழுதினார். தலைக்காயத்துக்கு மருந்து தேடிய ஃபுளோரிடா கம்பெனி ஒன்றுக்கு நலநிதி போயிருந்தது. ஃபார்வ் அதில் முதலீட்டாளர். பதவி முடிந்தபின் அந்தக் கம்பெனியில் பங்கு பெறுவது பற்றிப் பிரையன்ட்டோடு பேச்சு நடந்தது என்பது அந்தத் தொடரின் சாரம். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. தான் எந்தத் தவறும் செய்யவில்லை என்றார் பிரையன்ட், அவர் மீது குற்றச்சாட்டு பதிவாகவில்லை. இதழ் மீது அவர் போட்ட அவதூறு வழக்கு 2025இல் தள்ளுபடியானது. கேள்வி அவர் குற்றவாளியா என்பதல்ல. துறை இயக்குநரின் மேசை வரை வந்து நின்ற தணிக்கை, அதற்கு மேல் மாடியில் என்ன பேசப்பட்டது என்பதை வெளியே சொல்லவில்லை. அதைச் சொன்னவர் எந்தத் தேர்தலிலும் நிற்காத ஒரு செய்தியாளர். குற்றம் சாட்டுவது வழக்கறிஞர்கள் வேலை என்பது வைட்டின் பதில். சட்டப்படி சரியான பதில்தான்.

பணத்தை மீட்கும் கட்டத்தில் கதை இன்னும் சிக்கலானது. 2022 மே மாதம் மனித சேவைத் துறை முப்பத்தெட்டுத் தனிநபர்கள், நிறுவனங்கள் மீது உரிமையியல் வழக்குப் போட்டது. வாலிபால் அரங்கம் முதல் மனுவில் இல்லை. வழக்கை நடத்திய வழக்கறிஞர் பிராட் பிகட், அரங்கம் பற்றிப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அறக்கட்டளைக்கு ஆவணங்கள் கேட்டு அழைப்பாணை அனுப்பினார். சில நாட்களில், பிரையன்ட்டுக்குப் பின் வந்த ஆளுநர் டேட் ரீவ்ஸின் நிர்வாகம் அவரை வழக்கிலிருந்து விலக்கியது. அந்த அழைப்பாணைதான் காரணம் என்றார் பிகட்; நிர்வாகம் வேறு காரணம் சொன்னது. ஃபார்வின் வட்டியைக் கேட்டு யார் வழக்காடுவது என்பதில் வைட்டுக்கும் அட்டர்னி ஜெனரல் லின் ஃபிட்சுக்கும் பொதுவெளியிலேயே தகராறு. இருவரும் ஒரே கட்சி. 2027 ஆளுநர் தேர்தல் பேச்சில் இருவர் பெயரும் அடிபட்டது. பதவி ஆசை கையாடலைக் கண்டுபிடிக்க உதவும். கண்டுபிடித்தபின் இரண்டு அலுவலகங்கள் சேர்ந்து இழுக்க வேண்டிய தேருக்கு அதே ஆசை முட்டுக்கட்டையாகிவிடுகிறது.

வைட் 2019இல் போட்டியின்றியும் 2023இல் எளிதாகவும் வென்றார். 2024 ஆகஸ்டில் நலநிதி ஊழல் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். ஃபார்வின் பெயர் அதன் துணைத் தலைப்பில் இருக்கிறது, பிரையன்ட்டின் பெயர் இல்லை. அதே ஆண்டு, பாஸ்டன் கன்சல்டிங் நிறுவனத்துக்கு இருபது லட்சம் டாலர் கொடுத்துச் சில துறைகளை ஆராயச் சொல்லி, 33.5 கோடி டாலர் வீண்செலவு இருப்பதாக அறிக்கை வெளியிட்டார். 2020இல் இனநீதிக்காக நாடெங்கும் கல்வியாளர்கள் நடத்திய இரண்டு நாள் வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்ட ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியரை வேலையை விட்டு நீக்க வேண்டும் என்று எழுதியதும் இவர்தான். பிரையன்ட்டின் 2006 அறிக்கையை நினைவுபடுத்தும் வேலைகள் இவை. பேராசிரியர் விவகாரத்தில் இழப்புச் சில ஆயிரம் டாலரைத் தாண்டாது, செய்தி மட்டும் மாநிலம் முழுவதும் பரவும். சம்பளத்துக்கு வேலை செய்யும் கணக்காளர் ஒருவர் இந்தக் கோப்பை எடுத்திருக்க மாட்டார். மேபஸ் காலத்துக் கிராவல் லோடையும் அவர் எடுத்திருக்க மாட்டார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2021இல் மிசிசிப்பிச் சட்டமன்றம் மூவர் குடும்பத்துக்கான மாத உதவியை 170லிருந்து 260 டாலராக உயர்த்தியது. விண்ணப்பங்கள் ஏன் அவ்வளவு தள்ளுபடியாகின்றன என்பது ஆளுநரும் சட்டமன்றமும் தீர்மானிக்கும் விதிகளைச் சேர்ந்தது. தணிக்கையாளரின் கோரிக்கைக் கடிதம் அந்த முகவரிக்குப் போகாது. வைட்டின் இப்போதைய பதவிக்காலம் 2028 ஜனவரி வரை. அதற்கு முன் அவர் வேறு பதவிக்குப் போய்விட்டால், எஞ்சிய காலத்துக்கான தணிக்கையாளரை நியமிப்பவர் ஆளுநர் ரீவ்ஸ்.